டிபி முற்றினால் புற்றாகுமா?

கேள்வி: என் அப்பா திரேஸ்புரத்தில் சங்கு குளித்தவர். வயது 61. பீடிப் பழக்கம் உண்டு. இருமலோடு சளியில் ரத்தமும் வந்ததால் ஆறு மாதம் டிபி மாத்திரை சாப்பிட்டார். முதலில் நன்றாகத் தேறினார். பிறகு மறுபடி மெலிந்துவிட்டார். இப்போது நுரையீரல் புற்று என்கிறார்கள். டிபி முற்றித்தான் இப்படி ஆனதா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: ‘முதலில் தேறினார்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

டிபி முற்றிப் புற்றாவதில்லை. டிபி கிருமியால் வருவது. புற்று, நம் உடம்பின் செல்களே கட்டுக்கடங்காமல் பெருகுவது. உப்பளத்தில் எத்தனை நாள் காய்ந்தாலும் சர்க்கரை விளையாதல்லவா? டிபி தழும்பு விழுந்த நுரையீரலில் பின்னாளில் புற்று வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு. ஆனால் அப்பாவின் சளியில் ஒருமுறைகூடக் கிருமி தென்படவில்லை என்றால், முதல் நாளிலிருந்தே இருந்தது புற்றாகத்தான் இருக்கும். (சங்கு குளித்ததன் மேல் பழியைப் போடாதீர்கள். பீடியின் மேல் தாராளமாகப் போடலாம். இலையில் சுற்றியது என்பதால் அது சாதுவாகிவிடாது.)

பிறகு ஏன் டிபி என்றார்கள்? உலகின் டிபி நோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர். இருமல், ரத்தம், மெலிவு, காய்ச்சல் எல்லாம் இரண்டு நோய்க்கும் பொது. எக்ஸ்ரேயிலும் இரண்டுமே வெள்ளைத் திட்டுதான். டிபிக்குச் சளிப் பரிசோதனை இலவசம், மாத்திரை இலவசம், சத்துணவுக்கென்று மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கிலும் விழுகிறது. புற்றைக் கண்டுபிடிக்க அப்படி நேர்வழி கிடையாது. சி.டி. ஸ்கேன், சதைப் பரிசோதனை என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு நாலைந்து நடை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகும். இருமலோடு வருபவர் திறந்திருக்கும் கதவு வழியாகத்தானே நுழைவார்?

இப்போது அந்தத் தேறலுக்கு வருவோம். மாத்திரை தொடங்கியதும் அப்பாவுக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போயிருக்குமே, அது ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் வேலை. அது டிபி கிருமியை மட்டுமல்ல, வேறு பல கிருமிகளையும் கொல்லும். புற்றுக்கட்டி மூச்சுக்குழாயை அடைக்கும்போது, அடைப்புக்குப் பின்னால் சளி தேங்கிச் சீழ்பிடிக்கிறது. மருந்து அந்தச் சீழைத் தணித்துவிடுகிறது. காய்ச்சல் விடும், பசி எடுக்கும், எடைகூடக் கொஞ்சம் ஏறும். வீட்டாரும் நம்புவார்கள், வைத்தியம் பார்ப்பவரும் நம்புவார். கட்டி மட்டும் தன் பாட்டுக்கு வளரும். என் அனுபவத்தில் ஏழைக் குடும்பங்களை அதிகம் ஏமாற்றுவது இந்தத் தற்காலிகத் தேறல்தான். நம் நாட்டில் பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகே வந்துசேர இதுவும் ஒரு காரணம்.

இரண்டு மாத மாத்திரைக்குப் பிறகும் எக்ஸ்ரே திட்டு கரையவில்லை, சளியிலும் கிருமி இல்லை என்றால் அப்போதே ஸ்கேன் கேட்டு வாங்க வேண்டும். ‘சதை எடுத்தால் பரவிவிடும்’ என்று தெருவில் நாலு பேர் சொல்வார்கள். அந்தப் பேச்சால் கைநழுவிய மாதங்கள் எத்தனையோ.

அப்பாவுக்கு எடுத்த சதையில் ஈ.ஜி.எஃப்.ஆர். சோதனையும் செய்யச் சொல்லுங்கள். செல்லை வளரச் சொல்லும் ஸ்விட்ச் ஒன்று பழுதாகி எப்போதும் ‘ஆன்’ ஆகவே நிற்கிறதா என்று பார்ப்பது இது. பீடி குடித்தவர்களிடம் குறைவு, ஆனாலும் உண்டு. இருந்தால் ஜெஃபிட்டினிப் போன்ற மாத்திரையாலேயே கட்டியை அடக்கி வைக்கலாம். இந்தியக் கம்பெனிகளே தயாரிப்பதால் விலை கைக்கெட்டும். புதிய மருந்தான ஓசிமெர்ட்டினிப்புக்கு 2024 பட்ஜெட்டில் சுங்க வரியை நீக்கினார்கள். இன்னும் அது எட்டாக்கனிதான்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். வருமான வரம்பு 1,20,000 ரூபாய். ரேஷன் கார்டையும் வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்றையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவுக்குப் போங்கள். போகும்போது பீரோ மேல் கிடக்கும் பழைய எக்ஸ்ரே படங்களையும் தேதிவாரியாக அடுக்கிக் கொண்டுபோங்கள். முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கட்டி எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்று டாக்டருக்கு அங்கேயே தெரிந்துவிடும்.