மலைக்கு அப்பால் வாழ்ந்த யூதர்

குற்றாலத்துச் சாரலில் நனைந்து மகிழும் நம் மாணவர், மேற்கே முகில் சூழ நிற்கும் மலைத்தொடரை நோக்கி, அதற்கு அப்பால் யாதுளது என்று ஒருகாலேனும் எண்ணியிருப்பர். தென்காசியினின்று செங்கோட்டையைக் கடந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியே மலையிறங்கிச் செல்வோன் கொல்லம் துறையை அடைவான். 1904 ஆம் ஆண்டில் அவ்வழியே புகைவண்டி ஓடத் தொடங்கியது; அதற்கு நெடுங்காலம் முன்னரே பாண்டி நாட்டையும் வேணாட்டையும் இணைத்த வழிகளுள் அதுவும் ஒன்று. அக்கொல்லத்திலும், அதற்கு வடக்கே கொடுங்கல்லூரிலும் இடைக்காலத்தில் யூதர் இருந்தனர் என்பதைப் பலர் அறியார்.

வேதாகமம் பயிலும் நாம், கி. பி. 70 இல் உரோமர் எருசலேம் தேவாலயத்தை அழித்ததோடு யூதர் சரித்திரத்தை மூடிவிடுகிறோம். ஆயின் அதன்பின் பல நூற்றாண்டுகள் அம்மக்கள் பிறர் அரசுகளின் கீழ் வாழ்ந்தனர். பாக்தாது நகரத்துக் கலீபாக்கள் யூதருக்கென ஒரு தலைவரை ஏற்று மதித்தனர். ஐரோப்பாவிலோ, இங்கிலாந்து 1290 இலும், பிரான்சு 1306 இலும், ஸ்பெயின் 1492 இலும் அவர்களை நாட்டைவிட்டு வெளியேற்றின. பேரரசுகளின் நடுவே வாழும் சிறு கூட்டத்தார்க்கு எது காப்பு என்னும் வினா இதனால் எழுகின்றது. அதற்கு நம் மலைக்கு மேற்கே கிடைக்கும் விடை ஆராயத்தக்கது.

கி. பி. 849 இல் வேணாட்டு அரசராகிய அய்யனடிகள் திருவடிகள், கொல்லத்தில் மார் சபீர் ஈசோ எடுப்பித்த தரிசாப்பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் வழங்கினார். அச்செப்பேட்டில் மேலைநாட்டு வணிகர் தத்தம் எழுத்துக்களில் சாட்சிக் கையொப்பம் இட்டுள்ளனர். சிலர் அரபியிலும், சிலர் பகலவியிலும் எழுத, நால்வர் பாரசீக மொழியை எபிரேய எழுத்தால் வரைந்தனர், இந்நால்வரும் யூதர். ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு ஓர் இந்து அரசர் ஈந்த கொடைக்கு யூதரும் முகம்மதியரும் பிறரும் சான்றாய் நின்றனர் என்பது இதனால் விளங்கும்.

இதனினும் சிறந்தது, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு முயிரிக்கோட்டிலிருந்து அளித்த செப்பேடு. முயிரிக்கோடு என்பது கொடுங்கல்லூர். சாஸனம் அவன் பெயரை இசுப்பு இரப்பான் எனத் தமிழ் நாவிற்கு இசைய வழங்குகிறது. பழைய பாண்டி நாட்டுக் கல்வெட்டுகளிற் பயின்ற வட்டெழுத்தே இதிலும் உள்ளது. யூதரது பரம்பரைச் செய்தி இதனைக் கி. பி. 379 இல் வைக்கும். எழுத்தின் வடிவையும் அரசனது ஆட்சிக்காலத்தையும் ஆய்ந்தோர் கி. பி. 1000 ஐ ஒட்டியது எனத் துணிந்தனர்.

அதன்படி ரப்பானுக்கு 72 விடுபேறுகள் கிடைத்தன. சுங்கமும் துலாக்கூலியும் அவன் செலுத்த வேண்டுவதில்லை. பகல்விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, பறை, காகளம், தோரணம் ஆகிய சிறப்புக்கள் அவனுக்கு உரியன. நகரத்துப் பிறர் அரசனுக்குச் செலுத்துவனவற்றை அவன் செலுத்த வேண்டா. பிறர் பெறுவனவற்றை அவனும் பெறலாம். இவை அவனோடு ஒழியாமல், அவன் ஆண்மக்கள், பெண்மக்கள், மருமக்கள் ஆகியோர்க்கும் வழிவழி உரியனவாயின. சாட்சியராக நாடாள்வோர் பெயர்கள் நிற்கின்றன. அவருள் வேணாட்டுக் கோவர்த்தன மார்த்தாண்டனும் ஒருவன்.

அவனுக்கு அஞ்சுவண்ணமும் அளிக்கப்பட்டது என்பதைக் கொண்டு, முற்காலத்தார் அதனை ஓர் ஊர் என மயங்கி, கொடுங்கல்லூரில் யூத அரசு ஒன்று இருந்ததாகக் கதை கூறினர். அஞ்சுவண்ணம் என்பது மேலைநாட்டு வணிகரின் சங்கம் என்றும், 'அஞ்சுமன்' என்னும் பாரசீகச் சொல்லினின்று வந்தது என்றும் இக்கால அறிஞர் கொள்வர். ஆதலின் ரப்பான் முடி சூடிய மன்னனல்லன். மன்னனால் மதிக்கப்பட்ட வணிகர் தலைவன். முதலாம் இராஜராஜ சோழன் சேர நாட்டின்மேற் படையெடுத்த காலத்தை அடுத்து இக்கொடை நிகழ்ந்தமையின், பொருளும் கப்பலும் உடைய வணிகரைத் தன்பால் நிறுத்தவே சேரன் இங்ஙனம் செய்தான் எனச் சிலர் கருதுவர்.

பன்னிரண்டாம் நூற்றாண்டு யாத்திரிகர் தூதேலா ஊர்ப் பெஞ்சமின் கொல்லத்தைப் பற்றியும் எழுதியுள்ளார். கப்பல் துறையடைந்ததும் அரசனுடைய எழுத்தர் மூவர் சென்று வணிகர் பெயர்களைப் பதிவர் என்றும், வெளியிற் கிடக்கும் சரக்குக்கும் அரசனே பொறுப்பேற்பான் என்றும் அவர் கூறுகிறார். அங்குள்ள யூதர் கருநிறத்தவர், மோசேயின் நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்வோர் என்பதும் அவர் கூற்று. அயலான் பொருளுக்கு அரசன் பொறுப்பேற்றதே அத்துறை தழைத்தற்குக் காரணம் எனலாம்.

ஆயினும் செப்பேடு ஒன்றே எக்காலத்தும் காவாது. 1341 ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தால் கொடுங்கல்லூர்த் துறை தூர்ந்து, கொச்சி உயர்ந்தது. 1524 இல் மிளகு வாணிகப் போட்டியும், போர்த்துக்கீசியர் வரவால் மூண்ட பகையும் கூடி எழுந்த கலகத்தில், கொடுங்கல்லூர் யூதருடைய வீடுகளும் தொழுகைக்கூடங்களும் தாக்குண்டன. அப்பொழுது அவர்களை ஏற்றவன் கொச்சி அரசன். மட்டாஞ்சேரியில் அவனது அரண்மனையை அடுத்தே 1568 இல் பரதேசி யூதர் தொழுகைக்கூடம் எழுந்தது. 1662 இல் போர்த்துக்கீசியர் அதற்குச் சேதம் விளைத்தனர்; மறுவருடம் ஒல்லாந்தர் கொச்சியைக் கைப்பற்றவே அஃது உய்ந்தது.

இனி நாம் மறக்கலாகாத ஒன்று உண்டு. குடையும் பல்லக்கும் ஒருவனுக்குச் சிறப்பாக வழங்கப்பட்டன எனின், அவை மறுக்கப்பட்டோர் எண்ணிறந்தோர் என்பதே பொருள். அப்பெருமை பெற்ற யூதரும் தம்முள் வேற்றுமை பாராட்டினர். விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழியினர் எனக் கருதியோர்க்குப் பரதேசி தொழுகைக்கூடத்தில் சம உரிமை அளித்திலர். அவ்வழியிற் பிறந்த வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையால் அதனை எதிர்த்துப் போராடினார். அக்கட்டுப்பாடுகளும் மெல்லத் தளர்ந்தன. ஆனால் 1948 இல் இஸ்ரவேல் நாடு அமைந்தபின் கொச்சி யூதருட் பெரும்பாலார் அங்கே குடியேறினர். செப்பேடு இங்கே எஞ்சியது. அதற்கு உரியோர் மிகச் சிலரே எஞ்சினர்.

ஆதலின் சிறுபான்மையோர்க்குக் காப்பு எது என்னும் வினாவிற்கு விடை இரண்டாகும். ஒன்று, அரசன் மனம்போல் மாறாதவாறு எழுத்திற் பொறித்த உரிமை. மற்றொன்று, அவ்வெழுத்திற்குச் சான்றாய் நிற்கும் அண்டை அயலார். முன்னது பெற்றோர் பலர். பின்னதும் வாய்க்கப்பெற்றோரே நிலைத்தனர். தாம் பெற்ற உரிமையைத் தம்மினும் எளியார்க்கு ஈவதே அதற்கு நன்றி செலுத்தும் வகை. அடுத்த முறை அருவியில் நின்று மேற்கே நோக்கும் மாணவர், அம்மலைக்கு அப்பால் எபிரேய எழுத்திற் கையொப்பமிட்ட அந்நால்வரையும் நினைப்பாராக.