சுமை யாருடையது? மைசூரு தரும் ஒரு பாடம்

‘பொறுப்பு’ என்ற தமிழ்ச் சொல் ‘பொறு’ என்னும் வினையிலிருந்து பிறந்தது. பொறுத்தல் என்பது சுமத்தல், தாங்குதல். இதே கருத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வேரில் இருப்பதோ ‘பதில் சொல்லுதல்’. மொழிபெயர்க்கும்போது இரண்டையும் ஒன்றாகவே கொள்கிறோம். ஆயினும் இவற்றிடையே உள்ள வேறுபாடு சிறிதன்று. பதில் சொல்பவர் கேள்வி எழும்வரை காத்திருக்கலாம். சுமப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவர் கை தளர்ந்த கணமே சுமை கீழே விழுந்துவிடும்.

தனி மனிதனின் கடமையைப் பற்றி நம் சாஸ்திரங்கள் விரிவாகப் பேசியிருக்கின்றன. ஆனால் இன்று நம் வாழ்வின் பெரும்பகுதி அமைப்புகளின் வழியாகவே நடக்கிறது. நகராட்சி, நிறுவனம், சங்கம், ஆலயம், மடம் எனப் பல அமைப்புகள் கைகோத்து ஒரு சுமையைத் தூக்கும்போது, அவற்றுள் உண்மையில் சுமப்பவர் யார்? இக்கேள்வியை ஆராய மைசூரு நகரம் நல்லதோர் எடுத்துக்காட்டு.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிளேக் நோய் மைசூருவைத் தாக்கியது. நெருக்கமான தெருக்களும் தேங்கிய கழிவுநீரும் உயிரைக் குடிக்கும் என்பதை அரண்மனையும் மக்களும் ஒருங்கே உணர்ந்தனர். அடுத்த சில ஆண்டுகளில், நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் காலத்தில், நகர மேம்பாட்டுக்கென்றே ஒரு தனி வாரியம் அமைந்தது. அகன்ற சாலைகளுக்கும் பூங்காக்களுக்கும் மைசூரு பெற்ற புகழ் அங்கிருந்து தொடங்குகிறது. 2015ஆம் ஆண்டு மத்திய அரசு 476 நகரங்களின் தூய்மையை மதிப்பிட்டபோது மைசூரு முதலிடம் பெற்றது. நம் திருச்சிராப்பள்ளி இரண்டாவதாக வந்தது. 2016ஆம் ஆண்டிலும் மைசூருவே முதலிடம். 2017ஆம் ஆண்டில் அந்த இடம் இந்தூருக்குச் சென்றது. பரிசுகளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. அவை தெருவை அளக்கின்றன. தெருவைத் தாங்கும் கைகளை அவ்வளவாக அளப்பதில்லை.

அக்கைகளைக் காண வேண்டுமெனில் கும்பாரகொப்பலுக்குச் செல்ல வேண்டும். கன்னடத்தில் ‘கும்பார’ என்றால் குயவர், ‘கொப்பலு’ என்றால் சிற்றூர். மண்ணைப் பாத்திரமாக்கியவர்களின் பெயரைத் தாங்கிய அப்பகுதியில், இன்று நகரத்துக் கழிவு மீண்டும் மண்ணாகிறது! அங்குள்ள கழிவு மேலாண்மை நிலையத்தின் சிறப்பு அதன் இயந்திரங்களில் இல்லை. அதன் அமைப்பு முறையில் இருக்கிறது. மாநகராட்சி அதற்கு இடம் தந்தது. வார்டு அளவிலான குடிமக்கள் மன்றங்களின் கூட்டமைப்பு அதை நடத்தும் பணியை ஏற்றது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் துணை நின்றன. வீடுகளிலிருந்து வரும் மக்கும் கழிவு உரமாகி விவசாயிகளிடம் செல்கிறது. நெகிழி, காகிதம், கண்ணாடி, உலோகம், காலணி எனப் பிரிக்கப்படும் உலர்ந்த கழிவு, மறுசுழற்சி செய்வோருக்கு விற்கப்படுகிறது.

இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பார்ப்போம். இல்லத்தலைவி சமையலறையிலேயே ஈரக் கழிவையும் உலர்ந்ததையும் இரு வாளிகளில் இடுகிறார். தள்ளுவண்டித் தொழிலாளி அவற்றைக் கலக்காமல் கொண்டுவருகிறார். நிலையத்தில் உள்ளவர்கள் நுணுக்கமாகப் பிரிக்கிறார்கள். விவசாயி உரத்தை நம்பி வாங்குகிறார். இவர்களில் எவரும் மற்றவரின் முதலாளி அல்லர். ஒருவரையொருவர் நேரில் அறியாதவர்களும் பலர். ஆயினும் முதல் கண்ணி நெகிழ்ந்தால் ஏனைய அனைத்தும் வீணாகும். உடைந்த கண்ணாடி கலந்த உரத்தை எந்த விவசாயி தன் வயலில் இடுவார்?

வீண்செலவு மட்டுமா? ஈரமும் உலர்ந்ததும் ஒரே பையில் வரும்போது, அதைக் கையால் கிளறிப் பிரிப்பவர் ஒரு பெண். வீட்டில் ஒருவர் பயன்படுத்திய ஊசி, உடைந்த குழல்விளக்கு, காகிதத்தில் சுற்றாத பிளேடு ஆகியவை அவருடைய விரல்களுக்குத்தான் முதலில் தெரியவரும். நாம் பிரிக்காமல் விட்ட வேலை மறைந்துவிடுவதில்லை. நம்மைவிடக் குறைந்த ஊதியம் பெறும் ஒருவரின் கைக்கு, அபாயத்தோடு சேர்ந்து, அது இடம் மாறுகிறது. சுற்றுச்சூழல் கடமையையும் சமூகக் கடமையையும் இரண்டு பாடங்களாகக் கற்பிப்பது நம் பழக்கம். அந்தப் பிரிக்கும் மேசையில் அவை ஒன்றே. 2022ஆம் ஆண்டு ஜூலையில் கர்நாடகமெங்கும் தூய்மைப் பணியாளர்கள் பணி நிரந்தரம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது எழுப்பிய கேள்வியும் இதுதான்: நகரத்தின் தூய்மையைத் தாங்குபவர்களை நகரம் தாங்க வேண்டாமா?

கீதையின் மூன்றாம் அத்தியாயம் ஒருவரையொருவர் பேணுவதால் சுழலும் ஒரு சக்கரத்தைப் பற்றிப் பேசுகிறது. உணவு, மழை, வேள்வி, செயல் என அது தொடர்கிறது. அதைப் புராணக் காட்சியாக மட்டும் கொண்டு கடந்துவிடுவோர் உண்டு. அங்கு கவனிக்கத்தக்கது வேறு. சக்கரத்தின் பயனை உண்டு, அதைச் சுழற்றுவதில் தன் பங்கைச் செய்யாதவன் கண்டிக்கப்படுகிறான். அவன் பிறருக்கு நேரடியாகத் தீங்கு எதுவும் செய்யாதவனாகவே இருக்கலாம். சும்மா இருந்ததே அவன் குற்றம்.

அமைப்புகளின் வலைப்பின்னலில் இந்தச் சும்மா இருத்தல் எளிதில் ஒளிந்துகொள்கிறது. மைசூருவின் வித்யாரண்யபுரத்தில் உள்ள பெரிய குப்பைக் கிடங்கில் பல ஆண்டுகளாகக் கலந்து கொட்டப்பட்ட கழிவு மலைபோல் குவிந்தது. துர்நாற்றத்தால் அவதிப்பட்ட சுற்றுவட்டார மக்கள் பலமுறை குரல் எழுப்பினர். அம்மலையை உண்டாக்கியவர் யார்? மாநகராட்சி ஒப்பந்ததாரரைக் காட்டலாம். ஒப்பந்ததாரர் வீடுகளைக் காட்டலாம். வீட்டார் மாநகராட்சியைக் காட்டலாம். மூவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆகவேதான் மலை அசையாமல் இருந்தது.

இந்தச் சுழற்சியை உடைக்க உலகெங்கும் முயற்சிகள் நடந்துள்ளன. 2000ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை, கோஃபி அன்னானின் முயற்சியால், வணிக நிறுவனங்களுக்கான ஓர் உலகளாவிய உடன்பாட்டைத் தொடங்கியது. மனித உரிமை, தொழிலாளர் நலன், சுற்றுச்சூழல், ஊழல் ஒழிப்பு ஆகியவை பற்றிய 10 நெறிகளை ஏற்கும் நிறுவனங்கள் நாடுதோறும் இணைந்து செயல்படுகின்றன. அது தன்விருப்பத்தால் ஏற்பது. நம் நாடு சட்டத்தையே இயற்றியது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். இது நல்லதே. ஆயினும் 2 விழுக்காட்டைக் கொடுத்துவிட்டு, எஞ்சிய 98 எவ்வாறு ஈட்டப்பட்டது என்று கேளாமல் இருப்பது, முன்வாசலில் கோலமிட்டுப் பின்வாசலில் குப்பை கொட்டுவதை ஒக்கும்.

நிறுவனங்களை மட்டும் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள வேண்டாம். பக்தர்களாகிய நாமும் சங்கங்களாகக் கூடுபவர்களே. நம் ஆடியை ஒட்டி வரும் ஆஷாட மாதத்து வெள்ளிக்கிழமைகளில் சாமுண்டி மலையில் பெருங்கூட்டம் கூடுகிறது. பல அமைப்புகள் அன்புடன் பிரசாதம் வழங்குகின்றன. 2016ஆம் ஆண்டிலேயே கர்நாடக அரசு நெகிழித் தட்டு, குவளை, பை ஆகியவற்றைத் தடை செய்துவிட்டது. ஆனால் மக்கும் இலையேயானாலும் அது மலைமேலேயே மக்கிவிடாது. மலைச்சரிவு காடாகும். அங்கு வீசப்படும் எச்சில் இலையைத் தேடிக் குரங்குகளும் மாடுகளும் வருகின்றன. இலையோடு கிடக்கும் பையையும் சேர்த்தே விழுங்குகின்றன.

அன்னதானம் செய்ய விரும்பும் எந்தச் சங்கத்திலும் முன்கூட்டியே ஒரு செலவுப் பட்டியல் தயாராகும். அரிசி, பருப்பு, நெய், எரிவாயு, சமையற்காரர் கூலி, வண்டி வாடகை என அது நீளும். அப்பட்டியலில் இன்னும் இரு வரிகளுக்கு இடம் இருக்கிறதா என்று இவ்வாண்டுக் கூட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம். ஒன்று, உண்ட இலைகளைப் பிரித்துச் சேகரித்துக் கீழே இறக்கி உரக்கூடத்தில் சேர்ப்பதற்கான வண்டி. மற்றொன்று, மறுநாள் காலை அந்த இடத்தைப் பெருக்க வருபவருக்கான கூலியும் கையுறையும்.