டைகரைப் பொன்னாக்காதே

ஜார்ஜ் டவுன்,
பினாங்கு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. நேற்று நீ போனில் சொன்னதை அதிலேயே பேசி முடிக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பையன் ஆசைப்பட்டான் என்று வாங்கிய நாய்க்குட்டி செருப்பைக் கடித்துக் குதறுகிறது, தின்னும்போது கிட்டே போனால் உறுமுகிறது, யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று கேட்டாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நம்ம டைகர் இப்படியெல்லாம் செஞ்சதே இல்லையே" என்றாயே, அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் வலது கையைத் திருப்பிப் பார், அம்மா. அந்தத் தழும்பு யார் வைத்தது?

நாம் அப்போது குடியிருந்த மார்க்கெட் ஸ்திரீட் கடைவீட்டில் நம் நாய் டைகர் செய்யாத அட்டூழியம் இல்லை. பள்ளிவாசலுக்குப் போகிறவர்களுக்குச் சங்கடம் வரக்கூடாதென்று தாத்தா அவனைப் பின்சந்தில் கட்டுவார். கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து காக்கி லீமா நடைபாதையில் நடுவாகப் படுப்பான். தைப்பூசத்துக்கு முந்தின நாள் வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட்டில் புறப்படும்போது ஊரே தேங்காய் உடைக்கும். ஒவ்வொரு காய்க்கும் ஓர் ஊளை. தபால்காரர் நம் வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டார். எதிர்க்கடையில் கொடுத்துவிட்டுப் போவார்.

உன்னைக் கடித்தது சீனப் புத்தாண்டின் எட்டாம் இரவு. விடிந்தால் ஹொக்கியன்காரர்களின் வான தெய்வத்துக்குப் பிறந்தநாள். கரும்பு கட்டிப் படைத்து, நள்ளிரவில் ஜெட்டிப் பக்கம் பட்டாசு வெடித்துத் தள்ளினார்கள். டைகர் மேசைக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடந்தான். ஏழு வயசுப் பிள்ளை நீ, சமாதானப்படுத்த நினைத்து அவனை வெளியே இழுத்தாய். ஓர் உறுமல்கூட இல்லாமல் கடித்துவிட்டான்.

ஏன் உறுமவில்லை என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அதற்கு முன்னால் உறுமியபோதெல்லாம் நாங்கள் பிரம்பெடுத்தோம். உறுமல் என்பது "கிட்டே வராதே" என்று நாய் சொல்லும் பேச்சு. அடித்ததில் அவன் பேச்சுத்தான் நின்றது, பயம் அப்படியே இருந்தது.

அன்று பாட்டி உன் காயத்தில் மஞ்சள் அப்பினார். அதுவும் தப்பு. கடிபட்டால் குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, உடனே டாக்டரிடம் போக வேண்டும். 2015-இல் வெறிநாய்க்கடி நோய் பினாங்குக்குள் வந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். தெருநாய்களைக் கொல்ல மாநில அரசே உத்தரவிட்டது. வேண்டாமென்று தெருவில் விடப்பட்ட வீட்டு நாய்க்கும் அன்று தெருநாயின் கதிதான்.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. 1999 டிசம்பரோடு வாடகைக் கட்டுப்பாடு முடிந்தது. கடைவீட்டு வாடகை நமக்குக் கட்டுப்படியாகாமல் ஃபிளாட்டுக்குப் போனோம். டைகர் ஓடிப்போய்விட்டான் என்று உன்னிடம் சொன்னது நான். அது பொய். பாலிக் பூலாவில் ஒரு டுரியான் தோட்டத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். இராத்திரியில் பழம் விழும் பருவத்தில் ஓர் ஆளையும் உள்ளே விடமாட்டான் என்று தோட்டக்காரர் பெருமையாகச் சொன்னார். இங்கே வம்பை இழுத்த அதே பல்லுக்கு அங்கே மரியாதை.

அந்த மரியாதை புதிதல்ல. தமிழ்நாட்டில் திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போராடி மடிந்த வீரனோடு அவன் நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று பெயர்கூட வெட்டியிருக்கிறது. கள்ளனைக் கடித்துக் காவல் நின்றது என்பதுதான் அதற்குக் கிடைத்த புகழ். 1,400 வருஷத்துக்கு முந்தின நம் ஆட்கள் நாயை நினைத்தபோது அதன் கடியை மறைக்கவில்லை. நீயும் மறைக்காதே. நீ பொன்னாக்கி வைத்திருக்கும் டைகரோடு ஒப்பிட்டால் எந்தக் குட்டியும் தேறாது.

குட்டி தின்னும்போது தட்டில் கை வைக்காதீர்கள். தள்ளி நின்று ஒரு துண்டுக் கோழி போடுங்கள். நாளாக நாளாகக் கொஞ்சம் கிட்டே வாருங்கள். மனிதர் வந்தால் தீனி கூடும் என்று அது கற்றுக்கொள்ளும். உறுமினால் அடிக்காதே, விலகு. பையனுக்கும் அதையே பழக்கு. மூன்று மாதமானதும் வெறிநோய்த் தடுப்பூசி போடு, லைசென்ஸ் எடு. அப்படியும் முடியாவிட்டால், அதன் குணத்துக்கு ஏற்ற இடம் தேடிக் கொடு. பையனிடம் மட்டும் என்னைப் போல் பொய் சொல்லாதே.

ஒருமுறை தோட்டத்துக்குப் போய் அவனைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் உறுமினான். வாலும் ஆடியது. அங்கே யாரும் அவனை அடித்துப் பேச்சை அடக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

அன்புடன்,
பெரியம்மா