'டூயட்' தந்த புகழா?

கேள்வி: கோவை கல்யாண வரவேற்புகளில் இப்போது சாக்ஸபோன் ஒலிக்கிறது. 'டூயட்' படம் வராவிட்டால் சாக்ஸபோன் கலைஞர் கத்ரி கோபால்நாத்தை யாருக்குத் தெரியும்?
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: பாமர ரசிகருக்கு அவரை அறிமுகப்படுத்தியது அந்தப் படம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் 1994இல் படம் வருமுன்பே, 1980 பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்கர் ஜான் ஹேண்டியோடு வாசித்தவர் அவர். சாவி வைத்த வாத்தியத்தில் சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் எப்படி வரும் என்று வித்வான்கள் சந்தேகப்பட்டதும் நியாயமே. அதற்கு விடை அவர் வீட்டிலேயே இருந்தது. அப்பா நாகஸ்வரக்காரர். நாகஸ்வரத்தின் ஊதுவாயான சீவாளியை உதட்டால் இறுக்கியும் தளர்த்தியும் சுரத்தை வளைக்கும் வித்தையை மகன் சாக்ஸபோனுக்குக் கொண்டுபோனார். 'டூயட்' படத்துக்காக வாசித்துக் காட்டியபோது, எந்த ராகத்திலும் திருப்தியடையாத இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மான் கடைசியில் கல்யாணவசந்தத்தில் மனம் நிறைந்தார் என்று கோபால்நாத்தே சொல்லியிருக்கிறார். சினிமாதான் அந்தக் கச்சேரி ஞானத்தைக் கடன் வாங்கியது. அவருடைய கச்சேரிப் பதிவு ஒன்றைக் கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.