பிணவறை வாசலில் கேட்கும் பொய்கள்

உள்ளே பிரேதப் பரிசோதனை நடந்துகொண்டிருக்கும். வெளியே மரத்தடியில் மனைவி சுருண்டு கிடப்பார். மச்சினன் கையில், காவல் நிலையத்தில் கொடுத்த தாள் வியர்வையில் நனைந்து மடங்கியிருக்கும். அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து தோளில் கை போடுவார். "கேஸு கோர்ட்டுன்னு அலைஞ்சா பத்து வருஷம் இழுக்கும். வண்டிக்காரர் ரெண்டு லட்சம் தர்றேங்கிறார், வாங்கிட்டு முடிச்சுக்குங்க." சாலை விபத்தில் ஆளைப் பறிகொடுத்த குடும்பத்துக்குக் கிடைக்கும் முதல் சட்ட ஆலோசனை பல நேரங்களில் இதுதான். இதைப் போல ஒரு குடும்பத்தைக் கெடுக்கும் பேச்சு வேறில்லை.

அந்த இரண்டு லட்சத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இறந்தவர் 32 வயதுக் கொத்தனார், மாத வருமானம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாய். 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னபடி, 40 வயதுக்குள் இருக்கும் சுயதொழிலாளிக்கு, வருங்காலத்தில் உயர்ந்திருக்கக்கூடிய வருமானமாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். 25,200 ஆகிறது. அவர் தனக்கென்று செலவழித்திருப்பார் என நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 18,900. ஆண்டுக்கு 2,26,800. அவர் வயதுக்குப் பெருக்க வேண்டிய எண், 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி 16. வருமானமும் எதிர்வண்டியின் தவறும் நிரூபணமானால், கணக்கு 36,28,800 ரூபாயில் வந்து நிற்கிறது. ஈமச்செலவு, துணையை இழந்ததற்கான தொகை எல்லாம் இதற்கு மேல்.

வழக்கு இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் விபத்து இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயங்கள், மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் சேர்த்தே பெரும்பாலும் உத்தரவிடுகின்றன.

"அவனும் பிள்ளைகுட்டிக்காரன், ஏழை டிரைவர் வயித்துல அடிக்கலாமா?" என்று தயங்கும் நல்ல மனிதர்கள் உண்டு. அந்த ஈரம் பெரிது. ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். வண்டிக்கு அது இருந்தால் பணம் கொடுப்பது காப்பீட்டு நிறுவனம். இப்படிப்பட்ட சாவுகளுக்காகத்தான் பிரீமியமே கட்டப்படுகிறது.

டிரைவர் குற்ற வழக்கில் விடுதலையாகிவிட்டால் எல்லாம் போச்சு என்ற நம்பிக்கையும் ஆழமாக இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு பழைய வழக்கு இதற்குப் பதில். இருட்டிய நேரத்தில் ஒரு தனியார் பேருந்து, தாழ்ந்து தொங்கிய உயரழுத்த மின்கம்பியில் உரசியது. எட்டுப் பேர் அந்த இடத்திலேயே இறந்தார்கள். நடந்தது கடவுள் செயல் என்று சொல்லிக் குற்றவியல் நீதிமன்றம் டிரைவரை விடுவித்தது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை, டிரைவரின் அலட்சியமே காரணம் என்றது. 1980இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வு தீர்ப்பாயத்தின் பக்கமே நின்றது. சிறைக்கு அனுப்பச் சந்தேகத்துக்கு இடமில்லாத சான்று வேண்டும். எம்.சி.ஓ.பி. எனப்படும் இழப்பீட்டு மனுவுக்கு, இப்படித்தான் நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினாலே போதும்.

எல்லாவற்றிலும் மனம் நோகச் செய்வது, "அந்தம்மா வீட்ல சும்மாதானே இருந்தாங்க" என்ற பேச்சு. விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தவர், செத்த பிறகு 'சும்மா இருந்தவர்' ஆகிவிடுகிறார். 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் திருத்தியது. டெல்லியில் மோட்டார் சைக்கிளில் சென்ற கணவனும் மனைவியும் கார் மோதி இறந்த வழக்கு அது. பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் சம்பளமில்லாத வீட்டுவேலை செய்கிறார்கள், ஆண்கள் 97 நிமிடங்கள் என்ற அரசுக் கணக்கெடுப்பை எடுத்துக்காட்டிய நீதிபதி ரமணா, இல்லத்தரசிக்கும் வருமானம் கணக்கிட வேண்டும் என்று எழுதினார்.

மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டாலும் கதவு மூடிவிடவில்லை. 2022 ஏப்ரல் 1 முதல் இத்தகைய சாவுக்கு 2 லட்சம் ரூபாய் இழப்பீடு உண்டு. அதற்கு முன்பு வெறும் 25,000 ரூபாய்தான். விண்ணப்பத்தை வருவாய்த் துறை அதிகாரி விசாரிப்பார், தொகைக்கு ஆட்சியர் உத்தரவிடுவார். விபத்து எங்கேயோ வெளியூரில் நடந்தது என்றும் கவலை வேண்டாம். குடும்பம் குடியிருக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம்.

ஆனால் "ஈரம் காயட்டும், வருஷாப்தி முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்பது ஆபத்து. மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். இந்த வரம்பை எதிர்த்த வழக்கில், காலம் கடந்ததென்று மனுக்களைத் தள்ளக் கூடாது என 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறது. இடைக்கால உத்தரவை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, வாரிசுச் சான்று, சம்பளத்துக்கோ கூலிக்கோ உள்ள எந்தத் துண்டுச் சீட்டானாலும் சரி, முதல் வாரத்திலிருந்தே சேர்க்கத் தொடங்க வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று எந்தப் பெண்ணும் பின்வாங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டம், வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே பெண்களுக்கு இலவச சட்ட உதவி தருகிறது. பிணவறை வாசலில் யார் எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு அழையுங்கள்.