ஏஐ எழுதும் நிரலுக்கு எங்கள் ஊர்ச் சோதனை: 9 குறிப்புகள்

கோபைலட், கிளோட் கோட், கேர்சர் போன்ற ஏஐ உதவியாளர்கள் கேட்டவுடன் நிரல் எழுதித் தருகின்றன. ஆனால் யாழ்ப்பாணத்துக் கடைக்கும் தோட்டத்துக்கும் சங்கத்துக்கும் செயலி செய்யும்போது, எங்கள் ஊர்க் கணக்கை நாங்கள்தான் அவற்றுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மென்பொருள் படிக்கும், எழுதும் பிள்ளைகளுக்காக இந்தக் குறிப்புகள்.

1. விதிகளைக் கோப்பில் எழுதி வையுங்கள். உரையாடலில் சொன்னது அடுத்த உரையாடலில் நிற்கும் என்று நம்ப முடியாது. செயற்றிட்டத்தின் முதற் கோப்புறையில் ‘ஏஜென்ட்ஸ் டாட் எம்டி’ என்ற கோப்பை வைத்தால் பல உதவியாளர்கள் அதை வாசித்துவிட்டே வேலையைத் தொடங்கும். கிளோட் கோட்டுக்கு ‘கிளோட் டாட் எம்டி’. கோப்பைக் கிட்டில் சேர்த்துவிட்டால் குழுவில் எல்லோருக்கும் ஒரே விதி.

2. ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். ‘நல்ல நிரல் எழுது’ என்பதால் பயனில்லை. ‘பணத்தைச் சதக் கணக்கில் முழு எண்ணாக வை’, ‘வேலை முடிந்ததும் எல்லாச் சோதனைகளையும் ஓட்டு’ என்று சரிபார்க்கக்கூடியதாக எழுதுங்கள். சோதனையை ஓட்டும் கட்டளையையும் அப்படியே எழுதிவிடுங்கள்.

3. காணி அளவை எண்ணோடு சொல்லுங்கள். எங்களுக்கு 1 பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு 1 ஏக்கர். சொல்லாவிட்டால் உதவியாளர் தமிழ்நாட்டு வழக்கப்படி ஏக்கரை 100 சென்டாகப் பிரித்துவிடலாம். ‘4 பரப்பு என்றால் கால் ஏக்கர்’ என்பதை ஒரு சோதனையாகவே வையுங்கள்.

4. அடையாள அட்டை இலக்கத்துக்குத் தனிச் சோதனை வேண்டும். பழையது 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். புதியது 12 இலக்கம். இரண்டும் புழக்கத்தில் உள்ளன. வருடத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்பதைக் குறிக்கும் எண்ணில் பெண்களுக்கு 500 கூடும். பெப்ரவரிக்கு எந்த வருடமும் 29 நாள் என்றே கணக்கு. ஆகவே மார்ச் 1இல் பிறந்த ஆணுக்கு 061, பெண்ணுக்கு 561. லீப் வருடமல்லாத ஒரு வருடத்தைக் கொடுத்துப் பாருங்கள். பிழை இருந்தால் அங்கேதான் பிடிபடும்.

5. தமிழ் எழுத்தைச் சோதியுங்கள். ‘யாழ்ப்பாணம்’ எங்கள் கண்ணுக்கு 6 எழுத்து. யூனிகோட்டில் 11 குறிகள். பெயரைப் பாதியில் வெட்டும் நிரல் புள்ளியைத் தொலைத்து ‘யாழ்’ என்பதை ‘யாழ’ ஆக்கிவிடும். ‘கொக்குவில்’ என்பதன் முதலெழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் ஒரு விதமாகச் சேமித்ததை மற்ற விதத்தில் தேடினால் கிடைக்காது. சேமிக்க முன்னும் தேட முன்னும் யூனிகோட் சீராக்கம் செய்ய வேண்டும் என்பதை விதியாக்குங்கள்.

6. சோதனையை முதலில் எழுதுங்கள், அதைத் திருத்த விடாதீர்கள். சோதனை தோற்றால், நிரலை விட்டுச் சோதனையையே மாற்றிப் ‘பாஸ்’ காட்டும் பழக்கம் இந்த உதவியாளர்களிடம் உண்டு. சோதனை எழுதும் பிள்ளையிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுப்போமா? ‘சோதனைக் கோப்பை என்னிடம் கேட்காமல் மாற்றாதே, அழிக்காதே’ என்ற வரி கட்டாயம் இருக்கட்டும்.

7. உண்மையான ஆட்களின் விவரத்தைக் கொடுக்காதீர்கள். வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி, அடையாள அட்டை இலக்கம் எதுவும் சோதனைத் தரவில் வேண்டாம். கற்பனைத் தரவு போதும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எங்கள் நாட்டில் இருக்கிறது. கடவுச்சொற்களையும் கொடுக்காதீர்கள்.

8. சிறிது சிறிதாக வேலை கொடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், வாசித்துப் பார்த்து ஒரு கொமிட். புதிய நூலகம் எதையும் கேட்காமல் சேர்க்கக்கூடாது என்று எழுதுங்கள். இல்லாத நூலகத்தின் பெயரையும் ஏஐ சொல்வதுண்டு. அதே பெயரில் தீய நிரலைப் போட்டுவைத்துக் காத்திருப்போரும் உண்டு.

9. ஒரு பிழையை இரண்டாம் தடவை வரவிடாதீர்கள். பிழை கண்டால் அதைப் பிடிக்கும் ஒரு சோதனை, தடுக்கும் ஒரு விதி, பிறகுதான் திருத்தம். பயன்படாத விதிகளை மாதம் ஒருமுறை நீக்கிவிடுங்கள்.

நிரலை யார் எழுதினாலும், கணக்குப் பிழைத்தால் கடைக்காரர் எங்களிடம்தான் வந்து கேட்பார். ஆகவே இன்றைக்கே ஐந்து விதியும் மூன்று சோதனையும் எழுதித் தொடங்குங்கள். பரப்புக் கணக்கு அதில் முதலாவதாக இருக்கட்டும்.