ஒற்றை ஆள் செடிக்கடை: ஒரு கணக்குப் பாடம்

வீட்டு வாசலில் செடியும் தொட்டியும் விற்க ஒரே ஆள் போதும். மணிபிளான்ட் கொடியைக் கணுவுக்குக் கீழே வெட்டி நீரில் வைத்தால், கணுவில் வேர் விடும். ஒரு கொடி பல செடியாகும். மண்தொட்டியின் நுண்துளைகள் வழியே ஈரம் ஆவியாகும். பழைய டீ கெட்டில், உடைந்த ஹெல்மெட்கூட தொட்டிதான்! ஆனால் அடியில் ஓட்டை போடணும். இல்லேன்னா நீர் தேங்கி வேர் அழுகிவிடும்.

இனி விலை. உதாரணமாக, தொட்டி 30 ரூபாய், மண்ணும் எருவும் 10 ரூபாய். 50க்கு விற்றால் 10 ரூபாய் லாபம்னு தோணும். நம் அரைமணி நேரக் கூலி எங்கே போச்சு? எங்க அம்மா இட்லி விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தார். தன் கூலியை ஒருநாளும் கணக்கில் சேர்த்ததில்லை. படித்த நாமாவது சேர்ப்போம்!